வரிசையில் மட்டும் பர்மனென்ட்

கதவுக் கொக்கியில் ஒரு பனியன் தொங்குகிறது. ஒரே ஒரு முறை போட்டு ஓடினேன். துவைத்தும் ஆகிவிட்டது. அச்சு மையின் வாடை மட்டும் போகவில்லை, பிளாஸ்டிக்கை லேசாகத் தீய்த்தது போன்ற வாடை. நெஞ்சில் பெரிய எழுத்தில் 'உயிர் முக்கியம், ஓடி வா' என்று போட்டிருக்கிறது. முதுகில் தொழிற்பேட்டைக் கம்பெனிகளின் சின்னங்கள். அவற்றில் ஒன்று, எந்த வாசலுக்கு எதிரே நீ விழுந்தாயோ அந்தக் கம்பெனியுடையது.

சாலைப் பாதுகாப்பு ஓட்டம் நடத்தினார்கள் மச்சான். நம் சாலையில்.

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று தெரியும். "பனியன் குடுத்துட்டாங்கல்ல, இனிமே லாரி இடிச்சா வலிக்காது" என்பாய். அதையே மாட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்தும் நிற்பாய். எனக்கு அந்தச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வருகிறது, அதைக் கொட்ட வேறு ஆளில்லாமல் உனக்கு எழுதுகிறேன்.

நம் கோஷ்டி முழுக்க ஒரே தோல்வியிலிருந்து வந்தது. போலீஸ் வேலைக்கென்று ஓடிப் பழகி, ஓட்டத்தில் கைதேர்ந்து, எழுத்துத் தேர்வில் கோட்டைவிட்டு, வயதும் தாண்டிப்போனவர்கள் நாம். நீயும் நானும் பாபுவும் கும்மிடிப்பூண்டிப் பேட்டையில் ஆளுக்கொரு கம்பெனியில் கான்ட்ராக்ட். செல்வியக்கா தேர்வாய் கண்டிகைப் பேட்டையில் கான்ட்ராக்ட். மற்றவர்களும் இப்படித்தான். டீக்கடை அண்ணன் ஒருநாள் கேட்டார், "அதான் செலக்சனு இல்லன்னு ஆயிப்போச்சே, இன்னும் எதுக்குடா ஓடிக்கினு கெடக்கறீங்க?" நீதான் பதில் சொன்னாய்: "ஷிஃப்டு பூரா மெஷினு சொல்ற வேகத்துல கை ஆடுதுண்ணே. காலையில கொஞ்ச நேரம் நான் சொல்ற வேகத்துல கால் ஆடட்டுமே."

ஓட நமக்கு இடம் இருந்ததா? பள்ளிக்கூட மைதானத்துக்குப் பூட்டு. ஏரிக்கரை ஓரமாக யாரோ கசடு கொட்டி வைத்திருந்தார்கள். கால் வைத்தால் ஷூ வெள்ளை பூத்துவிடும். மிஞ்சியது பேட்டைச் சாலை. அதிலும் இருபுறமும் ட்ரெய்லர் லாரிகள். சரக்கு ஏற்ற வந்தவை, உள்ளே கூப்பிடும் வரை வாசலுக்கு வெளியே வரிசைகட்டி நிற்கும். மண் ஓரத்தை அவை தின்றுவிடும், நமக்கு வெள்ளைக் கோடுதான். கோட்டின் மேல் ஒருவர் பின் ஒருவராக ஓடினோம்.

அந்தப் பயிற்சியை நினைத்தால் இப்போதும் தொடை இறுகுகிறது. வரிசை ஒரே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் இருப்பவர் விலகி வந்து, எல்லோரையும் தாண்டி, முன்னால் போய்ச் சேர வேண்டும். அவர் சேர்ந்ததும் இப்போது கடைசியாகிப்போனவர் கிளம்ப வேண்டும். எல்லா ஊரிலும் இப்படி ஓடுகிறார்கள். ஆனால் கடைசி இடத்துக்குக் கான்ட்ராக்ட் என்றும் முதல் இடத்துக்குப் பர்மனென்ட் என்றும் பெயர் வைத்தது நீ. உன் முறை வந்தால் பேட்டைக்கே கேட்கும்படி கத்துவாய்: "தள்ளு நைனா, கான்ட்ராக்ட் வர்றான்!" முன்னால் போனதும் இரண்டு கையையும் தூக்கி, "பர்மனென்ட்டு!"

"ஒலகத்துலயே இந்த வரிசையில மட்டுந்தான்டா கான்ட்ராக்ட்காரன் பர்மனென்ட் ஆறான்" என்பாய்.

"அதுவும் அடுத்த ஆளு வர்ற வரைக்குந்தான மச்சி?" என்பான் பாபு.

"அதுக்கின்னா இப்ப? கம்பெனிக்குள்ள அதுகூட இல்லியே."

உனக்கு ஒரு கண்டிப்பும் இருந்தது. கடைசி ஆள் திணறுகிறான் என்று வரிசை வேகத்தைக் குறைக்கக் கூடாது. "ஸ்லோ பண்ணி உட்டீங்கன்னா அது புரமோசன் இல்ல, பிச்சை" என்பாய்.

அன்று நான் பர்மனென்ட். முன்னால் ஓடிக்கொண்டிருந்தேன். விடிந்தும் விடியாத வெளிச்சம், ஃபவுண்டரிப் புகை தரையோடு படுத்திருந்தது. ஒரு ட்ரெய்லரின் பின்பகுதி கோட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்ததால் நாம் எல்லோரும் சாலைக்குள் இறங்கி அதைச் சுற்றி வந்தோம். கடைசியில் நீ. உன் குரல் கிளம்பியது. "தள்ளு நைனா" வரைக்கும் கேட்டது. மிச்சம் பாதியைக் கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டே ஓடினேன். ஒரு டேங்கர் லாரியின் பிரேக் சத்தம்தான் வந்தது.

டேங்கர் ஓட்டியவரைப் பிடித்தார்கள். அவர் வேகமாக வந்தார், இல்லையென்று சொல்லவில்லை. நிற்கக் கூடாத இடத்தில் ட்ரெய்லர் நின்றிருந்ததே, அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நாங்கள் அந்த வாசலுக்குப் போனோம். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு அதிகாரி வெளியே வந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "ரோடு எங்களுது இல்லப்பா. வண்டியும் எங்களுது இல்ல, டிரான்ஸ்போர்ட்காரங்களுது. பையனும் டியூட்டியில இல்ல." சொன்ன ஒவ்வொன்றும் சரி. அதுதான் ஆத்திரம். வண்டிகளையாவது வேறு இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள் சார் என்று செல்வியக்கா கேட்டாள். "இவ்ளோ வண்டிய நகத்தறதுன்னா நடக்கற காரியமாம்மா?" என்றார். பஞ்சாயத்தில் கேட்டால் நெடுஞ்சாலைக்காரர்களைக் கேள் என்றார்கள். அங்கே கேட்டால் பேட்டை நிர்வாகம் என்றார்கள். நாமும் சுற்றி ஓடிப் பழகியவர்கள்தானே, சுற்றினோம்.

பொன்னேரியில் உன் வீட்டுக்குப் போயிருந்தோம். உன் அம்மா அழவில்லை. சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "வேலையில செத்திருந்தா கேக்கறதுக்கு ஒரு கம்பெனி கேட்டாவது இருந்திருக்கும். ரோட்டுல செத்துட்டான். நான் யார் ஊட்டுக் கதவத் தட்டறது?"

அதற்குப் பிறகு நான் ஓட்டத்தை விட்டேன். விட்டேன் என்று சொல்வதுகூடப் பெரிய வார்த்தை. காலையில் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். ஓவர்டைம் கேட்டால் தலையாட்டினேன். பரோட்டா தின்றேன். வயிறு முன்னால் வந்தது. ஒருநாள் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் நடைமேம்பாலப் படியைப் பாதிதான் ஏறியிருப்பேன், மூச்சு நின்றுவிடும் போலாகிவிட்டது. கைப்பிடியைக் கட்டிக்கொண்டு நாய் மாதிரி இரைத்தேன். கீழே ரயில் கிளம்பியது. பெண்கள் பெட்டி வாசலில் செல்வியக்கா நின்றிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டாள். அன்று மாலையே போன்.

"இன்னாடா, பாட்டன் மாரி படியில தொங்கிக்கினு நிக்கற? நாளைக்கு வா."

"முடியாதுக்கா."

"முடியாதுன்னுதான்டா வரச் சொல்றேன்."

போனேன். விட்டுப்போன உடம்பு தானே திரும்பி வந்துவிடும் என்று எல்லோரும் லேசாகச் சொல்கிறார்கள். பொய். நாள் முழுக்க மெஷின் முன்னால் நின்ற காலை விடியலில் எழுப்பி ஓடு என்றால் எதற்கு என்று கேட்கிறது. ஒரு வாரம் ஓடி மூச்சைக் கொஞ்சம் சேர்த்தால், அடுத்த வாரம் ஷிஃப்டை மாற்றிப் போடுகிறார்கள். சேர்த்தது கரைந்துவிடுகிறது, மறுபடியும் முதலிலிருந்து. தூக்கமும் பாதாமும்தான் ஓட்டக்காரனுக்கு முதல் பயிற்சி என்று கைபேசியில் ஒருவன் பேசுகிறான். அவனை எங்கள் லைனில் ஒரு வாரம் நிறுத்தி வைத்துப் பார்க்க வேண்டும்.

பழைய வேகம் தலையில் இருக்கிறது, காலில் இல்லை. இதைவிட எரிச்சல் வேறில்லை. என் முறை வரும். விலகுவேன். வரிசையின் நடுவரை போவேன். அங்கே நெஞ்சு அடைத்துக்கொள்ளும். முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் விழாமல் பாபுவுக்கு இணையாகத் தொங்கிக்கொண்டிருப்பேன்.

"நடுவுல நிக்கறியே, நீ இன்னா அப்ரண்டீசா?" என்றான் பாபு. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவனைச் சாலையில் தள்ளலாம் போல இருந்தது.

இன்னொன்றும் மாறியிருந்தது. நீ விழுந்த அந்தத் துண்டில், ட்ரெய்லர்கள் நிற்கும் இடம் முழுக்க, யாரும் விலகித் தாண்டக் கூடாது என்று செல்வியக்கா முடிவு செய்திருந்தாள். அங்கே கடைசி ஆள் கடைசியாகவே ஓட வேண்டும். சரியான முடிவுதான், எனக்குத் தெரியும். ஆனால் அந்த இடம் வரும்போது எப்போதும் கடைசியில் இருப்பது நான். ட்ரெய்லர் நிழலில், முன்னால் ஓடும் முதுகுகளைப் பார்த்தபடி ஓடுவேன். கான்ட்ராக்டாகவே கடந்து போவேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றாகிவிட்டது. உன் வாக்கியம் அறுந்த அந்த இடத்தில் விலகி ஓடி, ஒரு முறை முன்னால் போய்ச் சேர வேண்டும்.

அப்போதுதான் இந்தப் பனியன் வந்தது. செல்வியக்கா கட்டாகக் கொண்டுவந்து டீக்கடை பெஞ்சில் வைத்தாள்.

"நான் வரல" என்றேன். "அவங்க சட்டைய போட்டுக்கினு, அவன் உழுந்த எடத்துல நின்னு கை தட்டணுமா?"

"நாஷ்டா உண்டாம்டா" என்றான் பாபு.

"நீ நாஷ்டாவுக்குப் பொறந்தவன், போ."

செல்வியக்கா கோபப்படவில்லை. "சட்டைக்குக் கூப்புடலடா. அன்னிக்கு ரோடு காலியாம். ஒரு வண்டி இருக்காதாம்."

நான் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் உண்மையாகவே ஒரு வண்டி இல்லை. அந்தச் சாலைக்கு ஓரம் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. அகலமான மண் ஓரம். அதில் நெருஞ்சி பூத்திருந்தது. நாம் அத்தனை பேரும் தோளோடு தோளாக ஓடியிருக்கலாம். பலூன் வளைவுக்குப் பக்கத்தில் கொடியோடு நின்றவர் அதே அதிகாரி. அதே அட்டை. என்னை அடையாளம் தெரியவில்லை.

"வண்டியெல்லாம் எங்க சார்?"

"உள்ள யார்டுல போட்டுட்டோம்."

"எப்டி சார் நகத்துனீங்க?"

கேள்வியே அவருக்கு விளங்கவில்லை. "போன் பண்ணிச் சொன்னோம், எடுத்துட்டாங்க" என்றார். "சீஃப் கெஸ்ட் வர்றார்ல."

ஒரு போன். நீ செத்தபோது அந்தப் போன் எங்கே இருந்தது?

நான் பனியனைக் கழற்றி உட்புறத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டேன். பாபு பார்த்தான். அவனும் திருப்பிப் போட்டான். பிறகு எல்லோரும். கொடி அசைந்தது. செல்ஃபி எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் நடுவே நம் வரிசை தனியாகப் போனது. அந்த இடம் நெருங்கும்போது வழக்கம்போல நான்தான் கடைசி. முன்னாலிருந்து செல்வியக்கா திரும்பாமலே கத்தினாள்: "கான்ட்ராக்ட்!"

விலகினேன். நடுவரை போனேன். நெஞ்சு அடைத்தது. உடனே வரிசை மெதுவானது, எனக்காக. உன் குரலே காதில் விழுந்தது போல ஆகிவிட்டது.

"ஸ்லோ பண்ணாதீங்கடா!"

"அப்ப ஓடித் தொலைடா, பேஜாரு!" என்று பாபு காலை எட்டிப் போட்டான். வரிசையே எகிறியது. வாயில் இரும்பு ருசி. பாபுவைத் தாண்டினேன். மற்றவர்களைத் தாண்டினேன். செல்வியக்காவின் தோள் எனக்குப் பின்னால் போனது. முன்னால் யாருமில்லை. கையைத் தூக்கிப் 'பர்மனென்ட்டு' என்று கத்த வாயைத் திறந்தேன். வரவில்லை. மூச்சில்லாமல் போனதால் மட்டுமல்ல. எதிரே அந்தச் சாலை அவ்வளவு வெறுமையாக, அவ்வளவு சுத்தமாக, கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடந்தது. உனக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான். அதைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கத்துவது?

திங்கட்கிழமை காலை வண்டிகள் எல்லாம் பழையபடி வந்துவிட்டன. அதே இடத்தில் ஒரு ட்ரெய்லர் கோட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றது. நான் கதவைத் தட்டினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு டிரைவர் எட்டிப் பார்த்தார், தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு.

"நான் எங்க தம்பி போவேன்? கூப்பிடுற வரைக்கும் உள்ள விட மாட்டேங்கான். ஒண்ணுக்குப் போகக்கூட இடமில்ல. எனக்கு மட்டும் ரோட்டுல கெடக்கணும்னு ஆசையா?"

அவரோடு என்ன சண்டை போடுவது? அவரும் வாசலுக்கு வெளியே நிற்கிற கான்ட்ராக்ட்தான். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுபடியும் கோட்டின் மேல் ஒற்றை வரிசை. மறுபடியும் நான் கடைசி. அங்கே விலகக் கூடாது, விலகவும் இல்லை. ஆனால் அந்தக் கம்பெனி வாசலுக்கு நேரே வந்ததும், ஞாயிற்றுக்கிழமை வராத குரல் தானாக வந்தது. நீ பாதியில் விட்டதையும் சேர்த்து, முழுதாக, வாசலைப் பார்த்துக் கத்தினேன்: "தள்ளு நைனா, கான்ட்ராக்ட் வர்றான்!"

முன்னால் ஓடியவர்கள் யாரும் திரும்பவில்லை. பாபுவின் முதுகு மட்டும் ஒரு முறை குலுங்கியது. கூண்டுக்குள் இருந்த செக்யூரிட்டி எழுந்து நின்று பார்த்தார்.

எவனும் தள்ளவில்லை. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு வரிதான். இப்போது தினமும் அந்த இடத்தில் கத்துகிறேன். இரண்டாம் நாளிலிருந்து செல்வியக்காவும் கத்துகிறாள், பாபுவும் கத்துகிறான். அந்த அதிகாரி ஒருநாள் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். மூடட்டும். என் மூச்சு இப்போதுதான் திரும்பி வந்துகொண்டிருக்கிறது.