மூன்றாம் மேசையில் நுரைத்த கல்

ஹுவாலியன்
தைவான்
4 மார்ச் 2019

அன்புள்ள வான்-ஜென்,

இருபத்திரண்டு வருஷம் கழித்து எந்த முகத்தோடு எழுதுகிறாள் என்று நீ கேட்கலாம். உன் முகவரியைப் பழைய தோழி ஒருத்தியிடம் கெஞ்சி வாங்கினேன். தைனானில் மீன் கஞ்சிக் கடை நடத்துகிறாயாமே, கேட்கவே நிறைவாக இருந்தது.

நான் நம் பள்ளிக்கே நில அறிவியல் ஆசிரியையாக வந்துவிட்டேன். அதே ஆய்வுக்கூடம். போன வாரம் கல் சோதனை நடத்தினேன். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் பளிங்கு நுரைக்கும், படிகக்கல் சும்மா கிடக்கும். நமக்கு நடத்திய அதே பாடம்தான்.

பாதுகாப்புக் கண்ணாடிகளை மூன்று முறை எண்ணுகிறேன். "டீச்சருக்கு எண்ணத் தெரியாது போல" என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அன்று நீ உட்கார்ந்திருந்த மூன்றாம் மேசையில் யாரையும் உட்கார விடுவதில்லை. ஆனாலும் கல் நுரைத்ததும் அங்கிருந்து "எரியுதுடி பீ-யுன்" என்று நீ கூப்பிடுவது கேட்கிறது. ஒவ்வொரு வகுப்பிலும்.

உன் கண் எப்படி இருக்கிறது?

உன்
பீ-யுன்


தைனான்
19 மார்ச் 2019

என் பீ-யுன்,

ஒரு கல் ஞாபகப்படுத்தித்தான் நான் உயிரோடு இருப்பது உனக்குத் தெரிந்ததா? கோபத்தில் கடிதத்தை அரிசிப் பானைக்குள் போட்டேன், பிறகு நானே எடுத்துப் படித்தேன்.

இடக்கண் இப்போது கண்ணாடிக் கண். என் மகளுக்கு அதில் பயமே இல்லை, அதற்குத் தனியாகக் காலை வணக்கம் சொல்வாள். எனக்குள் உறுத்தும் ஒன்றை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அன்று என் பாதுகாப்புக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. கல் நுரைப்பதைப் பார்க்கும் ஆசையில் அதை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தேன், அமிலம் தெறித்துவிட்டது. பாதித் தப்பு என்னுடையது.

மீதி, அந்தப் பாடம் நடத்திய காவ் சாருடையது. தண்ணீர் கலக்காத அமிலத்தைக் குப்பியில் ஊற்றிவைத்த மனுஷன். ஆஸ்பத்திரிக்கு வாராவாரம் கொய்யாப்பழத்தோடு வருவார், அப்பா விரட்டுவார். ஆறு வருஷத்துக்கு முன் என் கடைக்கே வந்தார். கஞ்சி வைத்தேன். குடித்து முடித்துவிட்டுக் குனிந்து வணங்கினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கூப்பிடுவது நானில்லை, பைத்தியமே. நான் இங்கே கஞ்சி கிண்டுகிறேன்.

வான்-ஜென்


ஹுவாலியன்
2 ஏப்ரல் 2019

வான்-ஜென்,

உன் கடிதத்தைப் படித்த பிறகு ஆய்வுக்கூடத்துக்குள் போகவே கால் வரவில்லை.

குப்பியை நிரப்பியது நான்.

நீர்த்த அமில ஜாடியிலிருந்து நிரப்பி வை என்று காவ் சார் சொல்லியிருந்தார். ஜாடி காலி. அவரிடம் சொல்லியிருக்கலாம். அலமாரியின் மேல்தட்டில் தண்ணீர் கலக்காத அமிலம் இருக்கும் பழுப்புப் புட்டி இருந்தது, அலமாரியைப் பூட்டவில்லை. அதிலிருப்பதை அப்படியே விடக் கூடாது என்று எனக்குத் தெரியும். கல் கொஞ்சம் அதிகமாகப் பொங்கும், எல்லாரும் கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

உன்னைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அவர் குப்பியை முகர்ந்தார், என் முகத்தைப் பார்த்தார். "வாயத் தொறக்காத. அலமாரியப் பூட்டாதது நான். உனக்குப் பதினாலு வயசு" என்றார். தலைமை ஆசிரியரிடம் தானே நிரப்பியதாகச் சொன்னார். வேலை போனது. அதன்பின் பளிங்குக் குவாரியில் கல் ஏற்றினார்.

இப்போது யூலி ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். நான் ஒரு முறைகூடப் போனதில்லை.

மன்னிப்பு கேட்க எனக்கு வாயில்லை. ஆனால் எனக்குரிய வெறுப்பை நீ அவர்மேல் வைத்திருப்பதை இனி என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

பீ-யுன்


தைனான்
30 மே 2019

பீ-யுன்,

யூலிக்குப் போய் வந்தேன். கொய்யாப்பழம் வாங்கிப் போனேன், அவருக்கு இப்போது பல்லில்லை. மெல்லியதாகச் சீவிக் கொடுத்தேன்.

என்னை அடையாளம் தெரியவில்லை. பேர் சொன்னேன், ஊர் சொன்னேன், கண்ணைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "குப்பியை நிரப்புன பொண்ணு நல்லாயிருக்காளா? ரொம்பப் பயந்துபோயிருந்தா" என்றார். என்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. டீச்சராக இருக்கிறாள் என்று சொன்னேன். சிரித்தார்.

திரும்பி வரும் ரயிலில் யோசித்தேன். நான் விரட்டாமல் விரட்டியதை அவர் தாங்கினார், நீ பேசாமல் இருந்ததையும் தாங்கினார். அன்று உன் வயதுதான் எனக்கும். அதனால் அந்தக் காலையில் நீ செய்ததை விட்டுவிடுகிறேன். அதற்குப் பிறகு நீ மறைத்து வைத்த வருஷங்களை விட முடியவில்லை.

உன் வகுப்பில் என் கதையைச் சொல்வதானால், குப்பியை நிரப்பியது யார் என்பதையும் சேர்த்துச் சொல். முடியாதென்றால் என் கதையை எடுக்காதே.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். யூலிக்குப் போ. அவர் காத்திருப்பது உனக்காக.

ஹுவாங் வான்-ஜென்