எல்லோருக்கும் இரண்டாம் டிகாக்‌ஷன்

பெங்களூர், ஜூன் 1932

சௌபாக்கியவதி அனந்தலக்ஷ்மிக்கு ஆசீர்வாதம்.

"பெண்கள் ஸ்கூலை மூடறதுக்குக் கையைத் தூக்கினேள்னா இந்தாத்து வாசப்படி மிதிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, கோலார் பள்ளியில் டீச்சராக இருக்கும் நம் பெண்ணிடம் போய்விட்டாய்.

இன்று சட்டசபையில் பட்ஜெட் ஓட்டுக்கு வந்தது. பற்றாக்குறைக்காகப் பெண்கள் பள்ளிகளை மூடலாம் என்றது சர்க்கார். எதையுமே தொடக்கூடாது என்றார்கள் என் கட்சியார். நடுவாக ஒரு யோசனை வந்தது: பள்ளி ஒன்றும் மூட வேண்டாம், சர்க்கார் சம்பளம் வாங்கும் எல்லோருக்கும் பத்தில் ஒரு பங்கு குறையட்டும். அதற்குத்தான் கை தூக்கினேன்; அதுவே நிறைவேறியது. குழந்தையின் சம்பளமும் குறையும். நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

பேசும்போது உன்னைத்தான் சொன்னேன். போன வருஷம் காபிப்பொடி போதாதபோது நீ யார் டம்ளரையும் நிறுத்தவில்லை. எல்லோருக்கும் இரண்டாம் டிகாக்‌ஷன், முதலில் எனக்கு. சபையே சிரித்தது. பக்கத்து மெம்பர், "நிதி இலாகாவை உங்காத்து மாமிகிட்டேயே கொடுத்துடலாமே, ஓய்!" என்றார். கட்சியார் மட்டும் என்னோடு பேசாமல் போய்விட்டார்கள்.

நீ சௌகரியம்போல் வா, அவசரமில்லை. சமையற்காரர் தினமும் கள்ளிச்சொட்டாகக் காபி கொடுக்கிறார். தொண்டையில் இறங்கமாட்டேன் என்கிறது.

இப்படிக்கு,
முதல் டம்ளர்க்காரன்