எந்த வருஷத்து லேப்டாப்?

9 ஜூன் 2025

அன்புள்ள வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் யாராவது ஒருத்தி பட்டென்று வைத்துவிடுகிறோம். கடிதத்தை அப்படி வைக்க முடியாது என்றுதான் பேனாவை எடுத்தேன்.

நீ அனுப்பிய லேப்டாப் போன வாரம் வந்தது. வக்கீல் ஐயா அலுவலகத்தை மூடி எனக்கு வேலை போனதை உன் சித்தி சொல்லியிருப்பாள். ஒன்பது மாதமாக முகம் கொடுத்துப் பேசாத மகள் பெட்டிக்குள் ஒரு வரி வைத்திருக்கக் கூடாதா? தேடிப் பார்த்தேன், கடை பில் மட்டும்தான் இருந்தது. போகட்டும். நன்றி. இனி என் குறை.

நீதிமன்ற விசாரணைப் பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலைக்கு எழுதிப்போட்டிருந்தேன். வீட்டிலிருந்தே செய்யலாம். பரீட்சையில் நான்தான் முதல். ஆனால் கையில் 2025 மாடல் லேப்டாப் இருக்க வேண்டும் என்பது விதி. உன் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 2025 என்றுதான் போட்டிருக்கிறது. பில்லில் 2024 செப்டம்பர் 20. இயந்திரத்தைக் கவிழ்த்தால் அடியில் ‘தயாரிப்பு: ஆகஸ்ட் 2024’. நீதிமன்ற அலுவலகக் கண்காணிப்பாளர் மூன்றையும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“போன வருஷம் வாங்கினது எப்படிம்மா இந்த வருஷ மாடல் ஆகும்? யாரோ உங்க தலையில கட்டிட்டாங்க.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். இருபத்தாறு வருஷம் வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்த்த என்னைப் பார்த்து! பதினைந்து நாளில் சரியான கம்ப்யூட்டரோடு வராவிட்டால் இடம் அடுத்தவருக்காம்.

கடைக்காரன் உன்னை ஏமாற்றினானா, உனக்கு வேண்டாத பழசை எனக்குத் தள்ளிவிட்டாயா? எதுவானாலும் மறைக்காமல் எழுது.

இங்கே அவரும் நானும் சௌக்கியம். ‘அவர்’ என்று படித்ததும் உன் முகம் சுருங்கும். சுருங்கட்டும்.

அம்மா

---

14 ஜூன் 2025

அம்மாவுக்கு,

காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊராரின் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுக்கிறேன். ஒரு பெட்டியின் மேல் இருப்பதைப் படிக்கத் தெரியாமலா வாங்குவேன்? வேண்டாததைத் தள்ளிவிட்டேன் என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? சீல் உடைக்காத பெட்டி அது. நீதானே உடைத்தாய்?

பில்லும் பொய் இல்லை, பெட்டியும் பொய் இல்லை. தயாரித்த வருஷம் வேறு, விற்ற வருஷம் வேறு, மாடல் வருஷம் வேறு. அடுத்த வருஷம் முழுக்க விற்கப்போகும் இயந்திரத்தை இந்த வருஷக் கடைசியிலேயே சந்தைக்குக் கொண்டுவருகிறார்கள். பெயரை மட்டும் அடுத்த வருஷத்துப் பெயராக வைத்துவிடுகிறார்கள். பிள்ளை பிறக்கும் முன்பே பெயர் வைக்கிற கதைதான், ஆனால் ஊர் உலகம் முழுக்க அப்படித்தான் நடக்கிறது. 2025-க்கான காலண்டரை 2024-லேயே அச்சடித்து விற்கவில்லையா?

கம்பெனியிடமே கேட்டு, இது 2025 மாடல்தான் என்று முத்திரையோடு கடிதம் வாங்கியிருக்கிறேன். இத்துடன் இருக்கிறது.

என் முகம் சுருங்கவில்லை. அதற்காக அன்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன் என்று நினைக்காதே. ஐம்பத்தாறு வயதில் இன்னொரு கல்யாணம், உனக்கு இது தேவையா என்று கேட்டேன். இன்றைக்கும் அதே கேள்விதான்.

வாயாடி

---

21 ஜூன் 2025

அன்புள்ள வாயாடிக்கு,

வேலை கிடைத்துவிட்டது! நடந்ததைக் கேள்.

கண்காணிப்பாளர் கம்பெனிக் கடிதத்தைப் படிக்கவே இல்லை. “கடிதாசு யார் வேணாலும் குடுப்பாங்கம்மா. 2024-ல செஞ்சது 2024 மாடல்தான்” என்று மேஜையின் ஓரத்துக்குத் தள்ளினார்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். “சார், உங்க தலைக்கு மேல தொங்குதே, அது எந்த வருஷத்துக் காலண்டர்?”

“இந்த வருஷத்துதான். ஏன்?”

“அடியில பொடி எழுத்துல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்.”

நானே எழுந்து போய் உரக்கப் படித்தேன். ‘அச்சிட்டது: அக்டோபர் 2024.’ “அப்ப இது போன வருஷத்துக் காலண்டரா சார்? இதைப் பாத்தா நீங்க லீவு போடுறீங்க?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், இந்தத் தடவை என்னைப் பார்த்து இல்லை. “காலண்டர் வேற, மெஷின் வேறம்மா” என்று முனகினார். “உங்க விதியில ‘2025 மாடல்’னு இருக்கா, ‘2025-ல செஞ்சது’ன்னு இருக்கா? படிச்சுக் காட்டுங்க. காட்டுற வரைக்கும் நான் இங்கதான் உக்காந்திருப்பேன்” என்றேன். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கம்பெனிக் கடிதத்தைத் தானே இழுத்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். உன் காலண்டருக்கு நன்றி.

வீட்டுக்கு வந்து பில்லைப் பத்திரப்படுத்தும்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. செப்டம்பர் 20. எங்கள் பதிவுத் திருமணம் 23-ஆம் தேதி. அந்த வாரம் நீ என்னை வாயில் வந்தபடி பேசிக்கொண்டிருந்தாய். அதே வாரத்தில் லேப்டாப் யாருக்கு வாங்கினாய்?

அம்மா

---

29 ஜூன் 2025

அன்புள்ள அம்மா,

சபாஷ். அந்த ஆள் முகத்தைப் பார்க்க நான் அங்கே இல்லாமல் போனேனே.

கேட்டுவிட்டாய், சொல்லிவிடுகிறேன். உனக்குத்தான் வாங்கினேன். கல்யாணப் பரிசு. திட்டிக்கொண்டேதான் வாங்கினேன். 23-ஆம் தேதி காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பதிவு அலுவலகம் வரைக்கும் வந்தேன். எதிர்ப்பக்கம் மருந்துக் கடை ஓரமாக நின்றேன். நீ படியில் அவரோடு நின்று, அவர் ஏதோ சொல்ல, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாய்.

அப்பா போய்ப் பதினொரு வருஷமாகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளில்கூட நீ அப்படிச் சிரிக்கவில்லை. நான் சமைத்தேன், உன்னை வெளியே கூட்டிப்போனேன், கதை கதையாகச் சொன்னேன். என்னால் முடியாததைப் பஸ் டிப்போவில் இஞ்சின் கழற்றும் ஒரு மனிதர் படிக்கட்டில் நின்றபடி செய்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பிவிட்டேன். உனக்கு வேலை போனதைச் சித்தி சொல்லும்வரை பெட்டி என் அலமாரியிலேயே கிடந்தது.

வேலை தொடங்குமுன் பத்து நாள் என்னோடு வந்து இரு. நீ மட்டும் வா. பழையபடி நாம் இருவரும் இருக்கலாம்.

வாயாடி

---

6 ஜூலை 2025

என் மகளுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். மருந்துக் கடை ஓரத்தில் நீ பெட்டியோடு நின்றதை நினைத்து அழுதேன். ஆனால் அழுத கையோடு ‘வருகிறேன்’ என்று எழுத மாட்டேன்.

நீ செய்தது எதுவும் வீண் இல்லையடி. நீ என்னைச் சிரிக்கவைக்கப் பாடுபடுவதைப் பார்த்து உனக்காகச் சிரித்துக் காட்டினேன், அது உனக்கும் தெரிந்திருந்தது. அவரிடம் நான் எதையும் காட்ட வேண்டியிருக்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் மூன்று வருஷம் பக்கத்தில் நின்றவர் அவர். உன் அப்பாவைப் பற்றி நான் பேசினால் முழுதாகக் கேட்பார், பேச்சை மாற்ற மாட்டார்.

உனக்கு இது தேவையா என்று கேட்டாய். தேவை. ஐம்பத்தாறு வயதிலும் தேவை, எழுபதில் வந்திருந்தாலும் தேவை. இதற்காக யாரிடமும், உன்னிடமும்கூட, தலை குனிய மாட்டேன். அப்பா என்று கூப்பிடச் சொல்லி அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் ஈரக் குடையை வாசலில் சாத்திவிட்டு வருவதுபோல் அவரை விட்டுவிட்டு உன் வீட்டுக்குள் நுழைய மாட்டேன். கூப்பிட்டால் இரண்டு பேரையும் கூப்பிடு. மனமில்லை என்றால் விடு, நான் அம்மாவாகவே இருப்பேன், இங்கிருந்தே.

லேப்டாப்பைத் திருப்பி அனுப்பச் சொன்னாலும் சரி. வேறு வாங்கிக்கொள்ளும் தைரியம் எனக்கு இருக்கிறது.

அம்மா

---

10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அம்மா,

ஒரு மாதமாகப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். எல்லாவற்றிலும் நான்தான் ஜெயித்தேன், அதனால் ஒன்றையும் அனுப்ப முடியவில்லை.

மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். அவரை அப்பா என்று கூப்பிடவும் மாட்டேன். லேப்டாப்பைத் திருப்பி அனுப்பினால் வாசலிலேயே நிறுத்தித் திரும்ப உனக்கே ஏற்றிவிடுவேன்.

நேற்றுக் கட்டில் வாங்கப் போனேன். பின்னறையில் கிடந்தது ஒற்றைக் கட்டில், நீ வந்தால் படுப்பாயே, அது. பெரியதாக ஒன்று பார்த்தேன். கடைக்காரர், “யாருக்கு மேடம்?” என்றார்.

“எங்க அம்மாவுக்கும் அவங்க வீட்டுக்காரருக்கும்.”

வாயில் வந்துவிட்டது. அவர் பாட்டுக்கு மெத்தையின் அகலத்தை அளந்துகொண்டிருந்தார். கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை.

கட்டில் வந்து போட்டாகிவிட்டது. சுவரோரம் நீ படுப்பாய், எனக்குத் தெரியும். அவர் ஒரு தலையணை வைத்துப் படுப்பாரா, இரண்டா? அதை மட்டும் எழுது.

வாயாடி