சுரங்கத்தில் இறங்குமுன்

பாப்பா அம்மா,

சுரங்கத்தில் ஆபத்துச் சங்கு ஊதிவிட்டது. உள்ளே தண்ணீர் புகுந்து உன் தம்பி மாட்டிக்கொண்டான். மீட்புக் குழுவோடு நானும் இறங்குகிறேன். நீ வேலை முடிந்து வரும்வரை பாப்பா மாடி வீட்டு அத்தையிடம் இருப்பாள். பால் காய்ச்சி வைத்திருக்கிறேன்.

"எங்கப்பா பிழைக்கணும்னு அவ்வளவு ஜெபிச்சேன், என்ன கிடைச்சுது? இனிமே ஜெபிக்க மாட்டேன்" என்று காலையில் சொன்னாய். பதில் தெரியாமல் கத்திவிட்டேன். இப்போதும் தெரியாது. ஆனாலும் இன்று ஜெபி. அழகான வார்த்தை தேடாதே. கோபமென்றால் கோபமாகவே ஆண்டவரிடம் பேசு, கேட்டுக்கொள்வார். "ஆண்டவரே, கூட வாங்க." எனக்கு வருகிற ஜெபமும் அவ்வளவுதான்.

வண்டி வந்துவிட்டது.

பி.கு.: தண்ணீர் இறைக்கிற பம்பும் நின்றுவிட்டதாம். தண்ணீர் இன்னும் ஏறுகிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. அவரிடம் சொல்லிவிட்டேன், உன்னிடம் சொல்லாமல் போக மனம் வரவில்லை.