இனிப்பு சற்று அதிகம்

ஜனவரி 11, ஞாயிறு

இன்றும் ஓடியது அரை மணி நேரம், சாப்பாட்டைப் பற்றிப் பேசியது ஒரு மணி நேரம். பூங்கா ஓட்டக் குழுவில் சேர்ந்த பிறகுதான் தெரிகிறது, ஓடுகிறவர்களுக்குக் கவலையெல்லாம் காலைப் பற்றி இல்லை, வாயைப் பற்றித்தான். ஓடுவதற்கு முன்னால் என்ன குடிப்பது, ஓடும்போது எதைச் சப்புவது, ஓடி முடித்து மூச்சு அடங்குவதற்குள் எதை விழுங்குவது. எங்கள் குழுவில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். இடுப்பில் ஒரு பட்டை, பட்டையில் நாலு குட்டி பாட்டில். ஒரு சுற்று முடிவதற்குள் நாலையும் காலி செய்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் கழிவறை எங்கே என்று தேடுகிறார்.

கேப்டன் இன்று புது உத்தரவு போட்டார். இன்ஷூரன்ஸ் ஆபீசில் ரிட்டயர் ஆனவர், எப்போதும் தொப்பி போட்டிருப்பதால் கேப்டன். ஜூலையில் பத்து கிலோமீட்டர் பந்தயம் வருகிறதாம். அதுவரை யாரும் சர்க்கரையைத் தொடக் கூடாது. வெல்லம், தேன் என்று பின்வாசல் வழியாகவும் வரக் கூடாது. எல்லாரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன்.

எனக்கு என்ன வேலை என்று கேட்டார். "உணவுத் துறை" என்று மென்று விழுங்கினேன். பிஸ்கட் கம்பெனியில் சுவை பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் என்று அந்தக் கூட்டத்தில் எந்த வாயால் சொல்வது?

ஜனவரி 12

சர்க்கரை இல்லாத காபி. குடித்தேன். குடித்தேன் என்று எழுதி வைப்பதற்காகவே குடித்தேன்.

ஜனவரி 20

எங்கள் சுவை அறைக்கு ஜன்னல் கிடையாது. சென்ட் போட்டவர்களுக்கு அனுமதி கிடையாது. ஐந்து நாற்காலி. நாலு பேர் கடித்துப் பார்த்து, இனிப்பு சரியா, உப்பு சரியா, மொறுமொறுப்பு சரியா என்று சொல்வார்கள். ஐந்தாவது நாற்காலி என்னுடையது. அவர்கள் என்ன சொன்னாலும் நான் சொல்வதுதான் கடைசி.

ஒரு கடி, நன்றாக மென்று, விழுங்கி, ஒரு வாய் வெந்நீர், பிறகு அடுத்தது. இத்தனை வருஷமும் அப்படித்தான். இப்போது விழுங்குவதில்லை, காகிதக் கப்பில் துப்பிவிடுகிறேன். வேலையும் நடக்கிறது, விரதமும் நடக்கிறது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சின்னவள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். உணவு அறிவியல் படித்துவிட்டு வந்தவள், எனக்கு அடுத்த நாற்காலி. உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா என்று கேட்டாள். இல்லை, ஓடுகிறேன் என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பிப்ரவரி 15

நிற்காமல் ஐந்து கிலோமீட்டர்! ஓடி முடித்து புல்லில் உட்கார்ந்து, அவித்த முட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் தின்றோம். மஞ்சள் கருவைப் புறாக்களுக்குப் போட்டோம். புறாக்கள் இந்தக் குழுவில் சேர்ந்து நல்ல சதை போட்டிருக்கின்றன.

பழைய பேன்ட் இடுப்பில் நின்றது. உடம்பில் குறைந்த கனமெல்லாம் தலைக்கு ஏறிவிட்டதாக வீட்டில் இவர் சொல்கிறார். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர். நாளெல்லாம் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு ஓட்டத்தின் அருமை எப்படித் தெரியும்?

பிப்ரவரி 22

நாத்தனார் மகளுக்குப் பிறந்தநாள். கேக்கை நீட்டினாள். வேண்டாம் என்று சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு துண்டு கேக்கைக் கரைக்க எவ்வளவு ஓட வேண்டும் என்று வந்தவர்களுக்கெல்லாம் விளக்கினேன். இரண்டு பேர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்கள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"அண்ணி, இவ தினமும் திங்கிறது உங்க கம்பெனி பிஸ்கட்தான். அதையும் நிறுத்திடவா?" என்றாள் நாத்தனார்.

என் முகத்தில் ஈயாடவில்லை. இவர் மட்டும் என் பங்கு கேக்கையும் சேர்த்துத் தின்றுவிட்டு, வரும் வழியெல்லாம் சீட்டி அடித்துக்கொண்டே வண்டி ஓட்டினார். பொறாமை. எல்லாருக்கும் பொறாமை.

மார்ச் 8

பச்சை கேரட் இனிக்கிறது. பால் இனிக்கிறது. இன்று வெங்காயம் இனித்தது. கேப்டனிடம் சொன்னேன். நாக்கு சுத்தமாகிவிட்டது, இனிமேல்தான் உங்களுக்கு உண்மையான ருசி தெரியும் என்றார். அப்படியானால் இவ்வளவு நாளும் அழுக்கு நாக்கை வைத்துக்கொண்டா கடைசி வார்த்தை சொன்னேன்?

இவருக்கு ஒரு துண்டு வெங்காயம் கொடுத்து இனிக்கிறதா என்று கேட்டேன். கண்ணில் தண்ணீரோடு என்னையே பார்த்தார்.

மார்ச் 17

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்று புதிதாக ஒரு பால் பிஸ்கட். ஒரு கடி கடித்தேன், தித்திப்பு தொண்டையை அடைத்தது. 'இனிப்பு சற்று அதிகம்' என்றேன். மற்ற நாலு பேரும் சரியாக இருக்கிறது என்றார்கள். குறைக்கச் சொன்னேன். குறைத்துக் கொண்டுவந்தார்கள். அதுவும் அதிகம்தான். இன்னும் குறைக்கச் சொன்னேன்.

மூன்றாவது தடவை மற்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள். சின்னவள்தான் வாயைத் திறந்தாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இதுல இனிப்பே இல்ல. பிள்ளைங்க துப்பிடும்."

எல்லார் முன்னாலும். நேற்று வந்தவள். அவளுக்கு நாக்கே இல்லை என்று மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். என்ன படித்து என்ன?

மார்ச் 24

சின்னவளை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். நான் கண்டிக்கத்தான் சொன்னேன், மாற்றச் சொல்லவில்லை.

இல்லை. "இவ எனக்கு வேண்டாம்" என்று சொன்னேன். அதற்கு வேறு என்ன அர்த்தம் வைத்திருந்தேன்?

ஏப்ரல் 20

பால் பிஸ்கட் கடைக்குப் போய்விட்டது. ஓட்டத்திலும் வேகம் கூடியிருக்கிறது. இன்று பல் டாக்டரை முந்தினேன். அவர் புதருக்குப் பின்னால் இருந்தார், இருந்தாலும் முந்தினது முந்தினதுதான்.

மே 6, புதன்

ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கேன்.

வரிசையாக எழுதுகிறேன். காலையில் மேனேஜர் கூப்பிட்டார். பால் பிஸ்கட் பெட்டி பெட்டியாகத் திரும்பி வருகிறது. பிள்ளைகள் ஒரு கடி கடித்துவிட்டு நாய்க்குப் போடுகிறார்களாம். நாயும் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறதாம். ஊரார் நாக்கெல்லாம் சர்க்கரையில் ஊறிக் கெட்டுக் கிடக்கிறது, நாம்தான் திருத்த வேண்டும் என்றேன். கேப்டன் பேசுவது மாதிரியே இருந்தது, என் காதுக்கே.

அவர் வாதாடவில்லை. சுவை அறைக்குக் கூட்டிப்போனார். சர்க்கரைத் தண்ணீர் சில கப்புகளில் வைத்திருந்தார்கள், பேர் எதுவும் ஒட்டாமல். எதில் அதிகம், எதில் குறைவு என்று அடுக்கச் சொன்னார். ஒன்றுகூடத் தவறாமல் அடுக்கினேன். பார்த்தீர்களா என்பதுபோல நிமிர்ந்தேன்.

அடுத்து மூன்று தட்டு பிஸ்கட். எது எந்தப் பிஸ்கட் என்று தெரியாதபடி மேலே பதித்திருக்கும் பூ அச்சைச் சுரண்டியிருந்தார்கள். இரண்டை ஒப்புக்கொண்டேன். மூன்றாவதைக் கடித்ததும் துப்பினேன். இனிப்பு மிக அதிகம், கலவையில் ஏதோ கோளாறு, இது வெளியே போகக் கூடாது என்றேன்.

மேனேஜர் தட்டைத் தூக்கி அடியில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார். வெண்ணெய் பிஸ்கட். எங்கள் எல்லாருக்கும் சோறு போடுகிற வெண்ணெய் பிஸ்கட்.

"இது நீங்க வச்ச அளவும்மா," என்றார். "இத்தனை வருஷத்துல யாரும் இதுல கை வச்சதில்ல."

அவர் கத்தியிருந்தால் தேவலை. ஜூலை முடிவதற்குள் நாக்கு பழைய நிலைக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டோரில் மாவு மூட்டைக்குக் காவல். அதுவரை நான் நாற்காலியில் உட்காரக் கூடாது.

கூட எது, குறைச்சல் எது என்று எனக்கு நன்றாகத் தெரிகிறது. எது சரி என்பதுதான் தெரியாமல் போயிருக்கிறது. இந்த ஒரு வேலையைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாதே. நாக்கு போனால் நான் யார்?

மே 7

இவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஓட்டத்துக்குக் காலைப் பழக்கினது மாதிரி நாக்கையும் பழக்கிவிடலாம் என்றார்.

"எடுத்ததும் டாப் கியர் போடாத. முதல்ல காபில கால் ஸ்பூன்."

அவரே போட்டுக் கொடுத்தார். பாகு மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குடித்தேன்.

மே 10

குழுவிடம் உண்மையைப் போட்டு உடைத்தேன். பிஸ்கட் கம்பெனி, மறுபடி சர்க்கரை, எல்லாம். கேப்டன் தொப்பியைக் கழற்றினார். என்னைத் தள்ளி வைக்கப்போகிறார் என்று காத்திருந்தேன். தனியாக ஓரங்கட்டி, பந்தயத்துக்கு உங்கள் கம்பெனி ஸ்பான்சர் பண்ணுமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். பல் டாக்டர் பின்னாலேயே வந்து க்ரீம் வைத்தது இருக்கிறதா என்றார்.

இந்த மகான்களை நம்பி வெங்காயத்தை ருசித்தேன்.

மே 19

அரை ஸ்பூன். குமட்டல். இதையா நான் வருஷக்கணக்காகப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன் என்றும் தோன்றுகிறது. தோன்றட்டும். ஸ்டோரில் மாவு மூட்டை காத்திருக்கிறது.

ஜூன் 9

தினம் ஒரு இனிப்பு, மருந்து மாதிரி. இவர் வாங்கி வந்து பாதியைத் தானே தின்றுவிடுகிறார். பயிற்சி கொடுப்பவனுக்கும் பசிக்குமாம். பேரீச்சம்பழம் இப்போது தொண்டையில் நிற்பதில்லை. காலை ஓட்டமும் விடவில்லை. சர்க்கரை தின்றால் கால் ஓடாது என்று கேப்டன் பயமுறுத்தியிருந்தார், அது பாட்டுக்கு ஓடுகிறது.

கேன்டீனில் சின்னவளைப் பார்த்தேன். விரலெல்லாம் பிளாஸ்திரி, அட்டைப்பெட்டி அறுத்ததாம். எதுவுமே நடக்காதது மாதிரி நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"இப்ப எப்படிக்கா இருக்கு, நாக்கு?"

பரவாயில்லை என்றேன். உனக்கு எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஜூன் 28

கம்பெனி பந்தயத்துக்கு ஸ்பான்சர் பண்ணுகிறது. விற்காமல் கிடக்கும் பால் பிஸ்கட் மொத்தமும் அங்கே போகிறது. "ஓடுறவங்களுக்கு சர்க்கரை கம்மியாத்தானே வேணும்," என்றார் மேனேஜர், என் முகத்தைப் பார்க்காமல். கேப்டனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஜூலை 12, ஞாயிறு

பந்தயம். பாதி தூரம் தாண்டியதும் மேஜை போட்டு மலை மாதிரி குவித்து வைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் போனவர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்து, ஒரு கடி கடித்து, ரோட்டில் எறிந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வழியெல்லாம் கடிபட்ட பால் பிஸ்கட். நான் அதை மிதித்துக்கொண்டுதான் ஓட வேண்டியிருந்தது. காலடியில் நொறுங்குகிற சத்தம் கேட்டது. மொறுமொறுப்பில் குறை இல்லை.

திரும்பி வந்து மேஜைக்குப் பக்கத்தில் நின்றேன். ஒன்றை எடுத்து மென்றேன். மாவு. அப்புறமும் மாவு. கடைசியில் லேசாக உப்பு. சப்பென்று இருந்தது. எதிலும் சேராத ஒரு பண்டம். இன்னொன்றைத் தின்று பார்த்தேன். அதுவும் அதே கேவலம்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். கேப்டன் என்னைக் கடந்து போகும்போது நிற்காமல் ஓடுங்கள் என்று கத்தினார். "கேப்டன், இது வாயில வைக்க முடியல," என்றேன். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்று புலம்பிக்கொண்டே போனார். இவ்வளவு சந்தோஷமாக அதைச் சொன்னது நான் ஒருத்திதான்.

மீதி தூரத்தை எப்படி ஓடினேன் என்று நினைவில்லை. மெடல் போட்டார்கள், அது பையில் எங்கோ கிடக்கிறது. நாக்கு வந்துவிட்டது. சந்தோஷம் வீடு வரைக்கும்தான் தாங்கியது. இனிப்பே இல்லை என்று சின்னவள் மார்ச்சிலேயே சொல்லிவிட்டாள். அன்றைக்கு அந்த அறையில் கெட்டுப்போயிருந்தது என் நாக்கு. பேக்கிங்கில் விரலை அறுத்துக்கொண்டிருப்பது அவள்.

ஜூலை 14

மறுபடி தட்டுகள், பூவைச் சுரண்டிய பிஸ்கட்டுகள். வெண்ணெய் பிஸ்கட்டைக் கடித்ததும் தெரிந்துவிட்டது. சரி, இதுதான் சரி என்றேன். மேனேஜருக்கு வாயெல்லாம் பல். பழையபடி நீங்களே உட்காருங்கள் என்றார்.

உட்கார்ந்துவிட்டேன். ஒரு நிமிஷம், இப்படியே இருந்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். நினைத்தேன், அதை இங்கே மறைப்பானேன்? பிறகு எழுந்தேன்.

"அந்தப் பொண்ணு அன்னிக்கு சொன்னது சரி சார். நான்தான் அவளுக்கு நாக்கு இல்லைன்னு சொல்லிட்டேன். அவளைக் கூப்பிட்டு இதுல உக்கார வைங்க."

அப்படியானால் நீங்கள் என்றார். அவள் நாற்காலி காலியாகத்தானே இருக்கிறது என்றேன். மேலே பேசிச் சொல்கிறேன் என்றார்.

ஜூலை 15

வீட்டில் சொன்னேன். இவர் எழுந்து போய் காபி போட்டார். சர்க்கரை போட மறந்துவிட்டார். எழுந்து போய் நானே போட்டுக்கொண்டேன்.

ஜூலை 27, திங்கள்

சின்னவள் வந்துவிட்டாள். விரல் ஆறியிருக்கிறது. ஐந்தாவது நாற்காலியில் நுனியில்தான் உட்கார்ந்தாள். நான் அவளுக்கு அடுத்ததில். பேக்கிங்குக்கு அனுப்பியது நான்தான், தப்பு என்னுடையது என்று வாய்விட்டுச் சொன்னேன். தெரியும் அக்கா என்றாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பால் பிஸ்கட்டைப் புதிதாகக் கலந்து கொண்டுவந்தார்கள். கடித்தேன், மென்றேன், விழுங்கினேன். இனிப்பு கொஞ்சம் குறைகிறது என்றேன். மற்ற மூன்று பேரும் இந்தத் தடவை கூரையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்கள்.

"வெந்நீர் குடிச்சிட்டு இன்னொரு தடவை பாருங்கக்கா."

என்னிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. குடித்தேன். மறுபடி கடித்தேன். சரியாகத்தான் இருந்தது. சரி, அப்படியே எழுதிக்கொள் என்றேன்.

முதலிலேயே எழுதிவிட்டாளாம்.