இருந்த மருந்தை விற்காத கடை

பாய்,

உங்களைப் பற்றி மூன்று செய்திகளை வரிசையாகச் சொல்ல நினைத்திருந்தேன்.

1. சோயாவில் வெட்டுப்புழு விழுந்தபோது மருந்து வேண்டாம் என்று நான் சொன்னது.
2. மருந்துக் கடை வைத்திருந்த நீங்கள் அதற்கு ஒத்துக்கொண்டது.
3. உங்கள் பொய்யை மல்லிகா நம்பியதால் பயிர் பிழைத்தது.

உங்கள் இரங்கல் கூட்டத்துக்காக எழுதிய குறிப்பு இது. பேச அழைத்தார்கள், நான் எழுந்திருக்கவில்லை. எண் போட்டு எழுதாமல் எனக்கு வாய் திறக்காது என்று கேலி செய்வீர்களே, எழுதியிருந்தும் திறக்கவில்லை.

இன்று திருவையாற்றுப் பேருந்தில் முன் இருக்கையிலிருந்து பூச்சிமருந்து நெடி வந்தது. கண்ணை மூடினால் உங்கள் கடை. உரச் சாக்கு, மூடி கசிந்த டப்பா, மதியம் வீட்டிலிருந்து வரும் மீன் குழம்பு. அதற்கு நடுவே உட்கார்ந்து எப்படித்தான் சாப்பிட்டீர்களோ.

சம்பா அறுத்த வயலில் எல்லோரும் உளுந்து தெளித்த வருடம், என் பேச்சைக் கேட்டுச் சோயா போட்டவர் மல்லிகா ஒருவர்தான். குத்தகை நிலம். சம்பாவில் பாதி மழையில் போயிருந்தது. மீதி வருடத்துக்கு இந்தச் சோயாதான். பூக்கும் முன்பே புழு விழுந்து இலையெல்லாம் சல்லடை ஆயிற்று.

நான் வேலை பார்த்த ஆராய்ச்சிப் பண்ணையில் கண்டதை அவரிடம் சொன்னேன். பூக்குமுன் இலை கொஞ்சம் போனாலும் செடி தழைத்துவிடும். வரப்பு ஆமணக்கில் முட்டை இருக்கும் இலைகளைக் கிள்ளி அழிக்க வேண்டும். புழுவைத் தின்னும் குருவி உட்காரக் குச்சி நட வேண்டும். புழுவுக்கே ஒரு நோய் வரும், அதுவரை பொறுக்க வேண்டும்.

"புழு பொறுக்கலியே சார், நான் எப்படிப் பொறுக்குறது?" என்றார்.

பண்ணையில் தோற்றால் அடுத்த பருவத்தில் வேறு சோதனை. அவருக்கு அடுத்தது எது?

நேராக உங்களிடம் வந்து, ஒரு வாரம் மட்டும் அவருக்கு மருந்து கொடுக்க வேண்டாம் என்று கேட்டேன்.

"கடையத் திறந்து வச்சுக்கிட்டு வியாபாரம் பண்ணாதேங்கிறீங்க. நல்ல சிநேகிதர் சார் நீங்க" என்றீர்கள். பிறகு, "புழு நிக்குமா?"

"நிக்கும்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா?"

அதற்கு மேல் நீங்கள் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே மல்லிகா வந்தார். நான் ஓரத்து ஸ்டூலில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தேன்.

"ஸ்டாக் இல்ல தங்கச்சி. லாரி வரல."

"பின்னாடி அடுக்கியிருக்கே, அது என்ன பாய்?"

"காலி டப்பா."

"காலி டப்பாவ யாராச்சும் மூடி போட்டு அடுக்குவாங்களா?"

"கடை நெறஞ்சு தெரியணும்ல. நீங்க போயி ஆமணக்கு எலையக் கிள்ளுங்க. லாரி வந்தா சொல்லி விடுறேன்."

தினமும் வந்தார். தினமும் லாரி வரவில்லை. எனக்குத்தான் இரவில் தூக்கம் போயிற்று. ஒரு நாள் காலையில் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். வயலுக்கு ஓடினேன். செடி நுனிகளில் புழுக்கள் அந்த நோய் கண்டு செத்து, கறுத்துத் தலைகீழாகத் தொங்கின. கீழே புதுத் துளிர் விட்டிருந்தது. காய் நன்றாகவே பிடித்தது.

இப்போது இந்தப் பக்கம் சோயா இல்லை. வாங்க ஆள் வராமல் எல்லோரும் உளுந்துக்கே திரும்பிவிட்டார்கள். என் உழைப்பில் பெரும்பகுதி அப்படித்தான் போயிற்று. வருத்தப்படக்கூட அலுப்பாக இருக்கிறது பாய்.

பேருந்தில் அந்த முன் இருக்கையில் இருந்தவர் மல்லிகாதான். மடியில் மருந்துப் பை.

"உளுந்துக்கு சார். புதுக் கடையில கேட்டதும் குடுத்துட்டாங்க. கேக்காத ஒன்னையும் சேத்துக் குடுத்தாங்க."

மனம் கேட்காமல் சொல்லிவிட்டேன்: "அன்னிக்குப் பாய் சொன்னது பொய்ம்மா. டப்பா எல்லாம் நெறையத்தான் இருந்துச்சு."

நடத்துநர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். "அது தெரியாமலா சார்? எனக்கு முன்னாடி நின்னவருக்கு அதே அடுக்குலேர்ந்துதான் எடுத்துக் குடுத்தாரு."

"அப்புறம் ஏன் வேற கடைக்குப் போகல?"

"விக்கிறதுக்குன்னே உக்காந்திருக்கிற மனுஷன் எனக்கு மட்டும் இல்லங்கிறாரு. சும்மாவா சொல்வாரு? பயந்துகிட்டுத்தான் தெனம் வந்து கேட்டேன். என்னிக்குக் குடுக்குறாரோ, அன்னிக்குப் பயிர் போச்சுன்னு அர்த்தம்னு வச்சுக்கிட்டேன்." பிறகு பையைத் தொட்டுக் காட்டி, "இத அடிக்கலாமா சார்?" என்றார்.

வயலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். முட்டி வலிக்கிறது; ஆனாலும் காலையில் போக வேண்டும். நீங்கள் இல்லாத இடத்தில் நின்று, "நினைக்கிறேன்" என்ற அதே சொல்லை வைத்துக்கொண்டு, நான் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது குறிப்பு தவறு பாய். உங்கள் பொய்யை அவர் ஒரு நாளும் நம்பவில்லை.