வைலேயில் இருந்த ஒரேயொரு அமெரிக்க வாக்கு

மிஸிஸ்,

இன்று மத்தியானம் கழுவிய உடுப்புகளைத் தூக்கிக்கொண்டு படியேறி வரும்போது கறுவா மணத்தது. உங்கள் கதவுக்குப் பின்னாலிருந்துதான். புதிதாகக் குடிவந்திருக்கும் பெண் ஏதோ ஆப்பிள் பலகாரம் சுட்டிருக்க வேண்டும். கூடையை இடுப்பில் அணைத்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். அழுகை வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. கூடை பாரமாக இருந்தது, மேலே வந்துவிட்டேன்.

கறுவா எங்களுக்கு இறைச்சிக் கறிக்கு உரியது. அதை ஆப்பிளோடு சேர்த்து மாவுக்குள் வைத்து மூடி நீங்கள் கொண்டுவந்து தந்த முதல் நாள், இவர் ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு, "இறைச்சி எங்கை?" என்று கேட்டார். அதை நான் உங்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் கோப்பி தட்டில் சிந்தியது. உங்கள் வலக்கை எப்போதும் நடுங்குவதை அன்றுதான் கவனித்தேன். கண்களிலும் வெண்படலம் படர்ந்திருந்தது. அமெரிக்காவிலிருந்து வரும் கடிதங்களை வாசிக்க ஆள் இல்லை என்று சொன்னீர்கள். அடுத்த நாளே நான் வாசிக்க வந்தேன்.

என் ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் படித்தது அல்ல. வேதாகமத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து நானாகப் படித்தது. அதனால் வாயில் பழைய சொற்கள்தான் வரும். "நீ பழைய ஏற்பாட்டு ஆள் மாதிரிக் கதைக்கிறாய்" என்று பகிடி பண்ணுவீர்கள். இங்கே உங்கள் பேச்சை எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன், என் நினைவில் நீங்கள் அப்படித்தான் கதைக்கிறீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னீர்கள். எனக்கு வாய் வரவில்லை. மிஸிஸ் என்றே இருந்துவிட்டது.

நாங்கள் டேனிஷ்காரரின் நாட்டுக்கு, இந்த வைலே ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில் இங்கே நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. நூலகச் சுவரில் மாதிரி வாக்குச்சீட்டை ஒட்டியிருந்தார்கள். தாள் முழ நீளம், அத்தனை கட்சிகள். நீங்கள் அதற்குக் கிட்டப் போய், தெரியாத கண்ணால் மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தீர்கள். "இஞ்சை எத்தனை பேரை உள்ளுக்கு விட்டிருக்கினம் பார்" என்றீர்கள். டேனிஷ்காரரைக் கட்டி, அவர் ஓய்வு பெற்றதும் அவரோடு இங்கே வந்து, அவர் போன பிறகும் நீங்கள் அமெரிக்கப் பிரசைதான். உங்களுக்கும் இங்கே அன்று வாக்கில்லை, எனக்கும் இல்லை. நூலகத்தில் இரண்டு பேரும் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

உங்கள் ஊரில் அப்படி இல்லை என்று திரும்பி வரும் வழியில் சொன்னீர்கள். இரண்டு பெரிய கட்சிகளுக்கும் இடம் தானாகவே இருக்கும். மூன்றாவதாக ஒருவர் சனாதிபதிக்கு நிற்க வேண்டுமென்றால், ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு சட்டப்படி ஆயிரக்கணக்கில் ஒப்பம் சேர்த்தால்தான் அவர் பெயரைச் சீட்டில் அடிப்பார்கள். வாக்காளர் பதிவில் இருக்கிற மாதிரிப் பெயர் இல்லாவிட்டால் அந்த ஒப்பத்தை வெட்டிவிடுவார்கள். ஒரே தாளில் இரண்டு மாவட்டத்து ஆட்கள் வைத்திருந்தாலும் வெட்டு. அப்படி ஒரு தேர்தலுக்கு நீங்கள் கடை வாசலில் குளிரில் நின்று ஒப்பம் கேட்டிருக்கிறீர்கள். ஒரு கிழவி முதல் ஆளாக நின்று ஒப்பம் வைத்துவிட்டு, "நான் இந்த ஆளுக்குப் போடமாட்டன். ஆனால் நிக்கட்டும்" என்று சொல்லிப் போனாளாம். அந்தக் கதையை எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள். அந்த முறை வெட்டுப் போக மிஞ்சிய ஒப்பம் போதாமல் போய், அவர் பெயர் உங்கள் மாநிலத்தில் வரவில்லை.

எண்பத்து நாலாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அங்கே மறுபடியும் சனாதிபதித் தேர்தல் வந்தது. வைலேயில் அப்போது நாங்கள் ஒரு சில தமிழர்தான். எங்கள் ஊரில் கூட்டுறவுச் சங்கக் கடை நடத்தியவர் ஒருவர் இருந்தார். இங்கே பன்றி வெட்டும் தொழிற்சாலையில் வேலை என்றாலும் எல்லோருக்கும் அவர் மனேச்சர் அண்ணைதான். ஒரு நாள் வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, உங்கட கீழ்வீட்டு அம்மா அமெரிக்கக்காரி எண்டு உண்மையோ?"

"ஓம் அண்ணை."

"வாக்கு இருக்கோ அவவுக்கு?"

"தபாலிலை வருமாம்."

"அப்ப இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?" நான் பஞ்சக் காலத்தில் அரிசி மூட்டையை ஒளித்து வைத்ததுபோலக் கேட்டார்.

இரண்டு பெரிய கட்சி ஆட்களில் யார் வந்தால் எங்கள் ஊரில் ஆமியின் கை அடங்கும் என்று வானொலி கேட்டுக் கேட்டு அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து என்னை வடை சுடச் சொன்னார். உங்கள் சாய்வு நாற்காலிக்கு முன்னால் அவரும் இவரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்த இருப்பு, பெண் கேட்டு வந்தவர்களைப் போல இருந்தது.

உங்கள் மாநிலம் எந்தப் பக்கம் போகும் என்று ஆடுமாட்டுக்கும் தெரியும், ஒரு வாக்கால் அது மாறாது என்றீர்கள். நான் தமிழில் சொன்னேன்.

"எண்டாலும் ஒண்டு கூடி விழுந்தால் குறையப் போறதில்லையே" என்றார் மனேச்சர் அண்ணை. "அவ ஆருக்குப் போடப் போறா எண்டு கேளும்."

மூன்றாவது ஆள் ஒருவருக்கு என்றீர்கள்.

"அவர் வெல்லுவாரோ?"

இல்லை என்றீர்கள்.

"சரி. சீட்டிலை பேராவது இருக்கோ?"

உங்கள் மாநிலத்தில் இல்லை, கையால் எழுத வேண்டும் என்றீர்கள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீர் சரியாய்த்தான் மொழிபெயர்க்கிறீரோ?"

அதையும் மொழிபெயர்க்கச் சொன்னீர்கள். சொன்னேன். சிரித்துச் சிரித்து உங்களுக்கு இருமல் வந்துவிட்டது. அவர் சிரிக்காமல் வடைத் தட்டை இரண்டாம் முறை உங்கள் பக்கம் நகர்த்தினார்.

அதற்குப் பிறகு அந்தப் பகிடி எனக்கு இல்லாமல் போனது. அம்மாவின் கடிதம் வந்தது. தம்பியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். காலையில் மீன் வாங்கப் போனவன், சுற்றிவளைப்பில் அகப்பட்டான். எந்த முகாம் என்று தெரியவில்லை. அம்மா ஒவ்வொரு வாசலிலும் போய் நிற்கிறா. கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சோறு போட்டேன். அன்று தொடங்கியது இந்த மரத்துப்போன தன்மை. உடம்பு வேலை செய்யும், மற்றது எங்கேயோ நிற்கும்.

உங்கள் வாக்குச்சீட்டும் அந்த நாட்களில்தான் வந்தது. உங்கள் கையாலும் கண்ணாலும் எழுத முடியாதபடியால் ஒருவரைத் துணைக்கு வைக்கச் சட்டம் இடம் தருகிறது, அமெரிக்கத் தூதரகத்தில் ஒரு அதிகாரிக்கு முன்னால் செய்ய வேண்டும், கொப்பன்ஹேகனுக்கு என்னோடு வா என்று கேட்டீர்கள். முதல் நாள் பின்னேரம் மனேச்சர் அண்ணை வந்தார். தம்பியின் செய்தி அவருக்கும் தெரியும். உட்காரவில்லை.

"எழுதப் போறது நீர்தானே?" என்றார். "அவவுக்குக் கண் தெரியாது. அச்சடிச்ச பேருக்குப் பக்கத்திலை ஒரு கீறுத்தானே தங்கச்சி. வீணாய்ப் போற வாக்கை ஒரு பிரயோசனத்துக்குப் போடுறது பாவமே?"

இவர் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ரயிலைக் கப்பலுக்குள் ஏற்றிக் கடலைக் கடந்தபோது உங்களிடம் கேட்டேன். "நீங்கள் எழுதுற பேரை எண்ணுவினமோ?"

"இல்லை" என்றீர்கள். "அவர் முன்கூட்டி அறிவிச்சிருக்க வேணும். என்ர மாநிலத்திலை அறிவிக்கேல்லை. ஒரு கட்டுக்குள்ளை போட்டு வைப்பினம், அவ்வளவுதான்."

எனக்கு அது விளங்கவில்லை. சீனி ஒரு கரண்டி குறைந்தாலும் கணக்குக் கொப்பியில் எழுதி வைக்கிற பெண் நான். எண்ணப்படாது என்று தெரிந்த ஒன்றுக்காக அரை நாள் பயணம். "பிறகேன் மிஸிஸ்?"

"எண்ணுறது அவையின்ர வேலை. எழுதுறது என்ர வேலை" என்றீர்கள். பிறகு பணிஸைப் பிய்த்து எனக்குப் பாதி தந்தீர்கள்.

தூதரகத்தில் அந்த அறை சிறியது. அதிகாரி நல்ல மனுசன். நான் எந்த நாடு என்று கேட்டார், சொன்னேன். துணைக்கு வருகிறவர் அமெரிக்கப் பிரசையாக இருக்க வேண்டாமா என்று கேட்டேன். வேண்டாம், வாக்காளர் நம்புகிற ஆளாக இருந்தால் போதும் என்றார். உறுதி சொல்லி ஒப்பம் வைத்தேன். அவர் கதவடிக்குப் போய், காதுக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டார்.

மேசையில் தாள். பெரிய ஆட்களின் பெயர்கள் அச்சில் இருந்தன, பக்கத்தில் சின்னச் சின்னப் பெட்டிகள். கீழே ஒரு வெறுங்கோடு. நீங்கள் என் காதுக்குள் பெயரைச் சொன்னீர்கள். பேனை என் கையில் இருந்தது. மனேச்சர் அண்ணை சொன்ன பெட்டி என் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதைப் பார்த்தேன். பொய் சொல்லவில்லை, நல்லாய்ப் பார்த்தேன். அம்மா முகாம் வாசலில் நிற்கிறா.

நீங்கள் காத்திருந்தீர்கள். பேனைச் சத்தம் கேட்கவில்லை உங்களுக்கு.

"தம்பியை நினைக்கிறியோ?" என்றீர்கள்.

"ஓம்."

தாளின் ஓரத்தைத் தடவினீர்கள். பிறகு, "உன்ர ஆக்கள் கேட்டதைப் போட்டால் உனக்கு ஒரு பிடி ஆறுதல் எண்டால் சொல்லு. நான் மாத்திச் சொல்லுறன். அது என்ர வாய்ச்சொல்லாய்த்தான் இருக்கும், களவில்லை" என்றீர்கள்.

அப்படிச் சொல்வீர்கள் என்று நான் நினைக்கவில்லை. இவ்வளவு வருடமும் குளிரிலும் தபாலிலும் நீங்கள் விடாமல் பிடித்திருந்த ஒன்றை என் மடியில் வைத்தீர்கள். ஓம் என்றால் போதும். மாநிலம் மாறாது, சனாதிபதி மாறமாட்டார், முகாமில் ஒரு கதவும் திறக்காது. அதுவும் எனக்குத் தெரியும். என்றாலும் அக்காவாக நான் ஒன்றைச் செய்தேன் என்று இருக்கும்.

"நிக்கட்டும் மிஸிஸ்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் எனக்கு நேராகச் சொல்லத் தெரியவில்லை. வேறொருவருடைய கடைசிச் சாமானை இரக்கத்தில் வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். நீங்கள் சொன்ன பெயரை எழுத்து எழுத்தாகக் கோட்டில் எழுதினேன். "வாசி" என்றீர்கள். வாசித்தேன். தலையை ஆட்டினீர்கள்.

வீட்டில் மனேச்சர் அண்ணை காத்திருந்தார். "எழுதினீரோ?"

"எழுதினன்."

"ஆரை?"

"அவ சொன்ன ஆளை."

தொப்பியைப் போட்டுக்கொண்டு எழும்பிவிட்டார். தேத்தண்ணி ஆறிக் கிடந்தது. தேர்தல் முடிவு வந்த பிறகு ஒரு நாள் படியில் என்னை மறித்து, "ஒரு வாக்கு என்ன, ஒரு கப்பல் வாக்கு இருந்திருந்தாலும் மாறியிராது தங்கச்சி. உம்மிலை பிழையில்லை" என்றார். நான் பிழை என்று நினைத்திருக்கவில்லை, சரி என்றும் நினைத்திருக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

குளிர்காலத்தின் நடுவில் உங்கள் பழைய சிநேகிதி எழுதியிருந்தா. உங்கள் மாநிலத்து முடிவுக் கணக்கில் நாங்கள் எழுதிய ஆளின் பெயரே இல்லை என்று. திரும்ப வாசிக்கட்டோ என்று கேட்டேன். "வேண்டாம். தேத்தண்ணி போடு" என்றீர்கள்.

போன குளிர்காலத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். அடக்கத்தன்று உங்கள் கோயிலில், அது எங்கள் சபை இல்லாவிட்டாலும், பின்வரிசை வாங்கில் இருந்தேன். பாட்டு விளங்கவில்லை. கோப்பியும் பணிஸும் தந்தார்கள். அன்றும் அழவில்லை. வந்து வழமைபோலப் பருப்பு அவித்தேன்.

தம்பியைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. அம்மாவின் கடிதங்களில் இப்போது மழை இருக்கிறது, தேங்காய் விலை இருக்கிறது, அவன் பெயர் இல்லை. அவ வாசல்களில் நிற்பதை விட்டுவிட்டா போல.

நீங்கள் யாருடைய பெயரை எழுதுவித்தீர்கள் என்று இவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. குருவானவரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல அது பாவமும் இல்லை. இங்கேயும் அந்தப் பெயரை எழுதவில்லை.

பின்னேரங்களில் நாங்கள் செபமாலை சொல்கிறோம். முடிவில் உயிரோடு இருக்கிறவர்களுக்கு ஒரு மன்றாட்டு, மரித்தவர்களுக்கு ஒரு மன்றாட்டு. நீங்கள் இப்போது இரண்டாவதில் இருக்கிறீர்கள். போன கிழமை, தொடங்குவதற்கு முன்னால், இவர் மெதுவாகக் கேட்டார். "இஞ்சேரும், தம்பியையும் இனி அந்தப் பக்கத்திலை சொல்லுவமே? அவன்ர ஆத்துமத்துக்கெண்டாலும் உதவும்."

நியாயமான பேச்சு. கோபம் வரவில்லை. செபமாலையை எடுத்தேன். முழங்காலில் நின்று, பத்துப் பத்து மணிச் செபங்கள் எல்லாம் முடிந்து, உயிரோடு இருக்கிறவர்களின் இடம் வந்தபோது, தம்பியின் முழுப் பெயரையும், அப்பாவின் பெயரோடு சேர்த்து, எழுதுவதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

இவர் கொஞ்சம் தாமதித்தார். பிறகு, "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்.